மீனின் உடலைப் பார்த்தே அது எப்படி இரை தேடும் என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். உடலமைப்பு என்றால் நீளம், பருமன் மட்டுமல்ல. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, துடுப்பு எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்து நகர்வதே பெரும் செலவு. ஆகவே இரை கிடைக்கும் இடத்துக்குத் தோதான உடல் வாய்த்த மீன்களே தலைமுறைகளாகப் பிழைத்து வந்திருக்கின்றன.

கோலாலம்பூர் சௌக்கிட் சந்தைக்குப் போனால் கெளுத்தியைக் குனிந்து பாருங்கள். தட்டைத் தலை, தட்டை வயிறு, வாயைச் சுற்றி நான்கு சோடி மீசை. கலங்கிய சேற்றில் கண்ணால் என்ன பயன்? தொட்டும் சுவைத்தும் இரையைக் காட்டிக்கொடுப்பது அந்த மீசைதான். அரோவானா என்னும் நன்னீர் மீன் இதற்கு நேர்மாறு: முதுகு நேராக இருக்கும், வாய் மேல்நோக்கித் திறக்கும்; நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளைக் கவ்வ அதுவே வசதி. விரால் செடிகளுக்கிடையே பதுங்கி, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும்.

பக்கவாட்டில் ஒடுங்கிய லம்பாம் என்னும் ஆற்றுமீன், சந்துக்குள் வளைந்து திரும்பும் மோட்டார் சைக்கிள் போன்றது. நீர்ச்செடிகளுக்குள் சட்டென்று திரும்பும். நீண்ட வேகத்துக்கு அந்த உடல் அவ்வளவாக உதவாது.

அடிப்பக்கம் வாய் உள்ள பண்டாராயா மீனை (பிளெக்கோ என்னும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி) விட்டால் மீன் தொட்டியைக் கழுவவே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது பாசியைச் சுரண்டித் தின்னுமே தவிர மற்ற மீன்களின் கழிவை அகற்றாது, தன் பங்குக்கும் கழிவைச் சேர்க்கும்.