எண்ணெய் வண்ண உருவப்படத்தில் வெள்ளைத் துணியை வெறும் வெள்ளையால் தீட்டினால் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

வெள்ளைத் துணி என்பது தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் துணி. அதனால் பக்கத்தில் இருக்கும் நிறமெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். சட்டைக் காலரின் உள்பக்கத்தை உற்றுப் பாருங்கள்: கழுத்துத் தோலின் நிறம் மெல்லிதாகப் படிந்திருக்கும். உருவப்படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. கொடியில் காயும் வேட்டியும் அப்படித்தான். வெயில் படும் இடத்தில் லேசான மஞ்சள், மடிப்பின் நிழலில் வானத்தின் நீலம்.

இன்னொரு காரணமும் உண்டு. டியூபில் வரும் வெள்ளையைவிட வெளிச்சமான வண்ணம் நம்மிடம் இல்லை. அதையே துணி முழுக்கப் பூசிவிட்டால், பளிச்சென்ற மடிப்பு முனைக்கு எதை வைப்பது? வெளிச்சப் பகுதியையே ஒரு படி மங்கலாகத் தொடங்குங்கள். கெட்டியான வெள்ளை கடைசியில், ஓரிரு இடத்தில் மட்டும். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1862இல் வெள்ளைத் திரைக்கு முன் வெள்ளை உடுப்பில் நிற்கும் பெண்ணை வரைந்தார். அத்தனை வெள்ளையும் பிரிந்து தெரிவது இந்தச் சிறு வேறுபாடுகளால்தான்.

சரி, நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை மட்டும் நம்பினால் துணி அழுக்கேறித் தெரியும். அதற்குப் பதிலாக அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணமும் வெள்ளையில் கலந்தால் நிழலைத் தேவைக்கேற்ப நீலமாகவோ பழுப்பாகவோ சாய்க்கலாம்.