ஐம்பதுக்கு மேல் மண் பிசையலாமா? – கேள்வி பதில்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் மட்பாண்டம் செய்யப் பழகினேன். இப்போது வார இறுதிகளில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் வயதுக்காரர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 62 வயது. கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு. சக்கரத்தில் உட்கார முடியுமா? – உட்லண்ட்ஸ் வாசகி

சக்கரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், தங்கச்சி. சுழலும் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். அந்த அலுப்பில்தான் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கைவேலையில் தொடங்குங்கள். மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்பக்கம் இழுத்துத் தேய்த்தால் பானை எழும்பும். உருட்டுவதில் உள்ளங்கைதான் அதிகம் உழைக்கும், அதில் கட்டைவிரலுக்கு அவ்வளவு வேலை இல்லை.

இது மட்டமான வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரில் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற பெரிய மண்குதிரைகளைப் பகுதி பகுதியாகக் கட்டித்தான் எழுப்புகிறார்கள். மண்ணைச் சப்பாத்தி மாவு போல இளக்கமாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் தொடவே வேண்டாம்.

வகுப்புக்குப் பணம் அதிகமா? ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் செல்லுமா? – தெம்பனிஸ்

பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் 2016இல் 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்குக் கொடுத்த 500 வெள்ளியை, அங்கீகாரம் பெற்ற வகுப்பாக இருந்தால் பயன்படுத்தலாம். 2024 மே மாதம் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வந்த 4,000 வெள்ளி வேறு. அது வேலைவாய்ப்புக்கு உதவும் குறிப்பிட்ட பயிற்சிகளுக்கானது. பொழுதுபோக்கு வகுப்புக்கு அதை நம்பிப் பதிய வேண்டாம். 50 வயதைத் தாண்டியிருந்தால் மூத்தோருக்கான நேஷனல் சில்வர் அகாடமியின் வகுப்புப் பட்டியலையும் பாருங்கள், கட்டணச் சலுகை உண்டு. பணம் கட்டும் முன்பே சூளைக் கட்டணம் சேர்த்தியா, தனியா என்று கேட்டுவிடுங்கள்.

நான் செய்த கோப்பையில் பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விழுகிறது. மூன்றாவது முறை! மனசே விட்டுப்போச்சு. – பிடோக்

மனசை விட வேண்டாம் அண்ணே, இதற்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பல மண்வகைகளில் எல்லாம் முடியும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடும். கோப்பை ஏற்கெனவே காய்ந்து ஓரளவு சுருங்கிவிட்டது. நீங்கள் ஒட்டிய பிடியோ ஈரம். அது பிறகு சுருங்கும்போது எங்கே போகும்? ஒட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஆகவே பிடியைச் செய்து, கோப்பை இருக்கும் பதத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக்கூடாது. இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, கூழ் மண் தடவி அழுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடிச் சில நாள் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காய நாளாகும், அது நல்லதுதான். அவசரப்பட்டு ஏர்கானுக்கு நேரே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மறுபடி வெடிக்கும்.

சூளையில் பாத்திரம் வெடிப்பது வேறு கதை. அதற்குக் காற்றுக் குமிழி காரணம் என்பார்கள். பெரும்பாலும் உள்ளே மிச்சமிருந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல்தான் வெடிக்கிறது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் செய்யலாமா? – பொங்கோல்

உருவம் செய்யலாம். சுடுவதற்கு, சூளையை வாடகைக்கு விடும் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். மண் கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, குழாய் அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிள்ளைகள் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறார்கள். – ஈசூன்

பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள் அம்மா, வகுப்புக்குப் போங்கள்.

இங்கே பழைய சூளை எதையாவது பார்க்க முடியுமா? – ஜூரோங்

பக்கத்திலேயே இருக்கிறீர்கள்! லோரோங் தவாஸில் தாவ் குவாங் நாகச் சூளை உண்டு, 1940இல் கட்டியது. சரிவில் நீண்டு கிடக்கும், விறகு போட்டு எரிப்பார்கள். சாம்பல் பறந்து பாத்திரத்தில் உருகிப் படியும் நிறத்தை மின்சூளையில் எதிர்பார்க்க முடியாது. சிங்கப்பூர் மட்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜாலிலின் படைப்புகளைப் பார்க்கக் கிடைத்தாலும் விடாதீர்கள். ஆசிரியராக இருந்தவர், 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அடக்கமான வடிவத்துக்குள் எவ்வளவு பலம் இருக்கலாம் என்று அவர் பானைகளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

செய்த கிண்ணத்தில் ரசம் ஊற்றிக் குடிக்கலாமா? – செங்காங்

உணவுக்கு ஏற்றது என்று குறித்த கிளேஸை, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் மேல்பூச்சைப் பூசி, அதற்குச் சொன்ன சூட்டில் சுட்டிருந்தால் குடிக்கலாம். புளிப்பு கிளேஸிலிருந்து சிலவற்றைக் கரைத்தெடுக்கும் என்பதால் கூடத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். என்ன கிளேஸ் என்று தெரியாவிட்டால் அதில் சாவி போட்டு வையுங்கள்.