நாலு குடம்

அன்புள்ள ஐயா,
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, இருக்கிறேன். வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை எல்லா மலை ஊர்களுக்கும் வேண்டும் என்று ஒரு தேசிய ஆங்கில நாளிதழின் நடுப்பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். மறுத்து இரண்டு பக்கம் அனுப்பினேன். மூன்று வரிதான் போட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு நம் குரல் தேவையில்லையா? இனி எழுதுவதா, நிறுத்துவதா?
க., ஏற்காடு

அன்புள்ள க.,

மூன்று வரி வந்ததா? கொடுத்துவைத்தவர்.

நீங்கள் இணைத்திருந்த நகலைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்க ‘மேட்டுக்குடி மனோபாவம்’, ‘உள்நோக்கம்’. அந்த மனிதர் என்னதான் சொன்னார் என்பது இரண்டாம் பக்கம் வரை வரவே இல்லை. இப்படித் திட்ட ஏற்காட்டில் இருக்க வேண்டுமா என்ன? சேலம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தே திட்டலாம். (அவர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். கோடை விழா சமயத்தில் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் இரண்டு மணி நேரம் நின்றவன் நான்.)

ஏரிக்கரையில் உங்கள் அக்கா போடும் மிளகாய் பஜ்ஜி, மே மாத வியாபாரத்தில் ஜூன் மாதம் கட்டும் பள்ளிக்கூட ஃபீஸ். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் விஷயம் தெரிந்த ஆள்.

அப்பா நினைவு வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் மண்டிக் கணக்குப்பிள்ளை. எண்பதுகளில், நகரத்து ஜனங்கள் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் யாரோ எழுதிவிட்டார். அப்பா டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு பதினைந்து பைசா கார்டில் பொடி எழுத்தில் காவிரி, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை என்று நிரப்பினார். இடம் தீர்ந்து ஓரத்தில் செங்குத்தாக ஒரு வரி: ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெருக்குழாயில் நாலு குடம் வந்தது. எதை வீணடிப்பது?’

அந்த ஓரத்து வரி மட்டும் அச்சில் வந்தது. அப்பா ஒரு வாரம் பொருமினார், “மேட்டூரையே வெட்டிட்டானே!” அம்மா சொன்னாள், “நாலு குடம்னு சரியாத்தானே போட்டிருக்கான்? அஞ்சாவது பாதியிலயே நின்னுபோச்சு.” அப்புறம் அவளே அதைச் சோற்றுப்பசை போட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். இன்றும் இருக்கிறது. பழுப்பேறி, ‘ஃபோர் பாட்ஸ்’ மட்டும்தான் படிக்க முடிகிறது.

நம் குரல் தேவையா என்ற கேள்வியை விடுங்கள். முத்துசாமி ஐயர் என்ற இந்தியரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை வெள்ளைக்காரர் பத்திரிகைகள் எதிர்த்தபோது, 1878இல் ஆறு இளைஞர்கள் ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அடித்தார்கள். ‘தி இந்து’ அப்படிப் பிறந்ததுதான். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறகு தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். தேவையா என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

சரி, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அக்காவுக்கு எத்தனை கிலோ மிளகாய் ஆகும்? மழைக்காலத்தில் எத்தனை? கேட்டு எனக்கு எழுதுங்கள்.