கை கால் வாய் நோய் வந்த குழந்தைக்கு கூடவே இன்னொரு வைரஸும் இருந்தா மூளையை பாதிக்குமா?

பெரும்பாலும் இல்லைங்க. வாய்ல புண்ணு, கை கால்ல கொப்புளம், ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிடும். ஆனா இந்த நோயை உண்டாக்குற வைரஸ்கள்ல ஒண்ணான என்டெரோவைரஸ் 71னா உஷாரா இருக்கணும், அது மூளைத்தண்டையே தாக்கலாம், மூச்சையும் இதயத்துடிப்பையும் கன்ட்ரோல் பண்ற இடம் அதுதான், அங்க அடிபட்டா நுரையீரல்ல தண்ணி கோத்து சில மணி நேரத்துலயே நிலைமை கைமீறிடும்.

1997ல மலேசியாவோட சரவாக்ல சின்னக் குழந்தைங்க இப்படி இறந்தப்ப, டெஸ்ட்ல என்டெரோவைரஸ் 71ஓட, பொதுவா சளி காய்ச்சல் தர்ற அடினோவைரஸும் கிடைச்சுது, கை கால் திடீர்னு செயலிழந்த சில பசங்ககிட்ட அதுல ஒரு வகையான அடினோவைரஸ் 21 இருந்துச்சு, அதனால எது உண்மையான காரணம்னு பெரிய விவாதமே நடந்துச்சு. 1998ல தைவான்ல 78 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் 5 வயசுக்குள்ள, அங்க 71தான் முக்கிய காரணம்னு தெரிஞ்சுது. ரெண்டு வைரஸ் ரிப்போர்ட்ல வந்துட்டாலே ரெண்டும் சேர்ந்துதான் தாக்குதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, தொண்டைலயும் மலத்துலயும் ஒரு வைரஸ் சும்மாவே தங்கியிருக்கும், மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தியிருக்கிற தண்டுவட நீர்ல கிடைச்சாதான் அது வலுவான ஆதாரம்.

ரிப்போர்ட்டை விட குழந்தையைப் பாருங்க ப்ளீஸ். தூக்கத்துல அடிக்கடி தூக்கிவாரிப் போடுறது, நடை தள்ளாடுறது, விடாத வாந்தி, மூணு நாளைத் தாண்டின காய்ச்சல், மந்தமா கிடக்கிறது, வேகமா மூச்சு வாங்குறது, உடம்பு சில்லுனு வேர்க்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் கொப்புளம் கம்மியாதானே இருக்குன்னு வீட்ல வச்சிருக்காம ராத்திரின்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.