தென்துருவப் பனித்தட்டு மெலிந்தால் பாம்பன் கரைக்கு என்ன?

நிலத்தின் மேல் குவிந்த பனி தன் கனத்தாலேயே மெல்ல நகர்ந்து, கடலுக்குள் நீண்டு மிதக்கும். அந்த மிதக்கும் பகுதிதான் பனித்தட்டு. தடிமன் பல நூறு மீட்டர் இருக்கும்.

மெலிவது பெரும்பாலும் அடியிலிருந்து. உறைநிலையைவிடச் சற்றே சூடான ஆழ்கடல் நீர் கீழே புகுந்து அரிக்கிறது. மேலே உருகும் தண்ணீரும் சும்மா இருப்பதில்லை, விரிசல்களில் இறங்கிப் பிளக்கும். 2002இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் நொறுங்கியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி!

சரி, போனால் என்ன? சரிவான மணலில் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள் இல்லையா? முட்டுக்கு அடியில் அலை மண்ணை அரித்தால் வள்ளம் வழுக்கிக் கடலுக்குப் போகும். பின்னால் நிலத்தில் இருக்கும் பனிக்குப் பனித்தட்டு அப்படியொரு முட்டு. லார்சன் பி உடைந்த பிறகு பின்னாலிருந்த சில பனியாறுகளின் வேகம் பல மடங்கானது. அந்தப் பனி வந்து சேர்வது பாம்பன் உட்பட எல்லோருக்கும் பொதுவான கடலில்தான். (தனுஷ்கோடியை 1964இல் அழித்தது புயல், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பனித்தட்டு உருகுவதே கடலை உயர்த்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சர்பத்தில் மிதக்கும் ஐஸ் உருகி டம்ளர் வழிவதில்லை, மட்டத்தை ஏற்றுவது நிலத்திலிருந்து புதிதாக இறங்கும் பனிதான்.