ராக்காயிக்கு அர்த்தம் கேட்டவருக்கு

அன்புள்ள அக்கா,

எங்களுக்கு மேலூர் பக்கத்துக் கிராமம், இப்போது மதுரை ஆனையூரில் இருக்கிறோம். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. சித்திரை நட்சத்திரம் என்பதால் பே, போ, ர, ரி எழுத்துகளில்தான் பெயர் தொடங்க வேண்டுமாம். யாருமே வைக்காத பெயராக, நல்ல அர்த்தம் உள்ளதாக, கூப்பிடச் சின்னதாக வேண்டும் என்பது என் ஆசை. இணையத்தில் தேடி ரித்விகா, ரியான்ஷி, ரக்ஷனா என்று குறித்து வைத்திருக்கிறேன். அங்கவை என்றுகூட ஒரு யோசனை வந்தது, ஆனால் எழுத்து சேரவில்லை. இதற்கிடையில் கணவர் வீட்டில், போன வருடம் தவறிப்போன என் மாமியார் பெயரான ராக்காயியைத்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். மாமியார் என்னைப் பெற்ற மகள் போல வைத்திருந்தவர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கே தேடினாலும் அந்தப் பெயருக்கு அர்த்தமே கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்றும் பயமாக இருக்கிறது. எண்கணிதம் பார்க்கலாமா? அரிய பெண் பெயர்கள் ஒரு பத்து, பொருளோடு எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

எஸ்., ஆனையூர்

அன்புள்ள எஸ்.,

குழந்தைக்கு என் முத்தம்.

பத்துப் பெயர் எழுதித் தருவதாக இல்லை. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. சமீபத்தில் எங்கள் குடும்ப நிலத்தைப் பாகம் பிரிப்பதற்காகப் பழைய பத்திரங்களை வெளியே எடுத்தோம். மற்றவர்கள் எல்லாம் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதில் வருகிற பெண்களின் பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒச்சாயி, மூக்கம்மாள், குப்பாயி, பேச்சி, வெள்ளைச்சி, தவிட்டம்மாள். இன்றைக்கு எங்கள் வீடுகளில் ஓடித் திரிகிற பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட இதில் ஒரு பெயர் இல்லை. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

யாருமே வைக்காத பெயர் வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் குறித்து வைத்திருக்கும் மூன்று பெயரையும் ஆனையூரில் ஏதாவது ஒரு எல்கேஜி வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியும். ராக்காயி என்று கூப்பிடுங்கள், ஒருத்தியும் திரும்ப மாட்டாள். அரிய பெயர் உங்கள் ரேஷன் கார்டிலேயே இருந்தது, எஸ். மாமியார் தவறியதும் பெயர் நீக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்து நீங்களே அதை எடுத்திருப்பீர்கள்.

எண்கணிதம் பார்க்காதீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்தது, அர்த்தமே கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான். எங்கே தேடினீர்கள்? அந்தப் பெயர்ப் பட்டியல்களை நானும் பார்த்திருக்கிறேன். இளவரசி, தேவதை, அழகானவள், அதிர்ஷ்டசாலி, லட்சுமி, எந்தப் பெயரைத் தட்டினாலும் இதில் ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பார்கள். எந்த மொழிச் சொல், எங்கிருந்து வந்தது, இதற்கு முன்னால் யார் அந்தப் பெயரோடு வாழ்ந்தார்கள், ஒன்றும் இருக்காது. காதுக்கு நன்றாக இருக்கிறதென்று நாலு எழுத்தைக் கோத்துவிட்டு அப்புறம் அதற்குத் தேவதை என்று எழுதி வைத்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதை நம்புவீர்கள், உங்களைப் பெற்ற மகளாக வைத்திருந்த ஒருத்தி ஆயுசு முழுக்கச் சுமந்த பெயரை நம்ப மாட்டீர்களா?

மேலூர்க்காரரான உங்களுக்கு ராக்காயி யார் என்று நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. அழகர்கோயில் மலையில் பழமுதிர்சோலையையும் தாண்டி மேலே ஏறினால் நூபுர கங்கை, தமிழில் சிலம்பாறு. அங்கே இருப்பவள் ராக்காயி அம்மன். ஐப்பசித் தைலக்காப்புக்கு அழகரே மலையேறி அவள் இருக்கிற இடத்துக்கு வந்துதான் தலைமுழுகிவிட்டுப் போகிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் ராக்காயி, ராக்கு, ராக்கம்மாள் என்று அத்தனை பெண்கள் இருந்தது இவளால்தான். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மதுரையைச் சுற்றி முக்கால்வாசிப் பெண் பெயர்கள் இப்படி நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் இடத்திலிருந்து வந்தவைதான். அழகர்கோயிலில் தாயார் சுந்தரவல்லி, ஊருக்குள் கூடலழகர் கோயிலில் மதுரவல்லி, திருப்பரங்குன்றத்தில் ஆவுடைநாயகி, வைகைக்கரைத் திருவேடகத்தில் ஏலவார்குழலி, சோழவந்தானில் மாரியம்மனுக்கே ஜெனகை என்று பெயர். பாண்டி கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்றால் பாண்டியம்மாள், பாண்டிச்செல்வி. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்கு மாசிச் சிவராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு போகும் கூட்டத்தில் நின்று ஒச்சாயி என்று கூப்பிட்டால் இன்றைக்கும் கிழவிகள் திரும்பிப் பார்ப்பார்கள், பேத்திகள்தான் திரும்ப மாட்டார்கள். இது ஒரு மதத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. அடைக்கலமேரி, வியாகுலமேரி, பாத்துமுத்து எல்லாம் அதே வழியில் வந்த பெயர்கள்தான், அவையும் அதே மாதிரி போய்க்கொண்டிருக்கின்றன.

மீனாட்சி என்று இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் திருவிளையாடல் புராணத்தில் மலயத்துவசனும் காஞ்சனமாலையும் வளர்த்த அந்தப் பெண் பிள்ளைக்குப் பெயர் தடாதகை. சம்பந்தர் ஆலவாயைப் பாடும்போது அங்கயற்கண்ணி என்கிறார். மதுரைக்கு வந்த கண்ணகியைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய ஆயர்குலத்துக் கிழவி மாதரி, அவள் மகள் ஐயை. இரண்டே எழுத்து. கூப்பிடச் சின்னதாக வேண்டும் என்று கேட்டீர்களே.

அங்கவை நல்ல பெயர். புறநானூற்றின் 112ஆம் பாட்டுக்குக் கீழே பாரி மகளிர் என்றுதான் இருக்கிறது, அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பின்னால் வழக்கில் வந்து சேர்ந்தவை. ஆனாலும் பறம்பு மலை உங்கள் மேலூருக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை, இன்றைய பிரான்மலைதான். அந்த இரண்டு பெயரையும் ஒரு பெரிய படத்தில் சிரிப்புக்கு வைத்தார்கள், தியேட்டரே சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. சரி, அதை விடுங்கள்.

சிரிப்பு என்றதும் பத்திரத்தில் இருந்த குப்பாயிக்கு வருகிறேன். அவள் என் அப்பத்தா. இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். பிறந்த பிள்ளை தங்காமல் போவது வீட்டுக்கு வீடு நடந்த காலம் அது. ஒன்றையும் இரண்டையும் பறிகொடுத்தவள், அடுத்தது பிறந்ததும் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுத்து, குப்பாயி, குப்பம்மாள் என்று பெயர் வைப்பாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட வேண்டும், அதற்காக. இன்னொரு வீட்டில் பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள், அவள் தவிட்டம்மாள். மூக்கைக் குத்தி வளையம் போட்டால் மூக்கம்மாள், பையனாக இருந்தால் மூக்கன், மூக்கையா. பிச்சையம்மாளும் இதே கூட்டம்தான். பிள்ளையைப் பெற்றவள் தன் பிள்ளையைத் தானே மட்டமாகச் சொல்லிச் சாவிடமிருந்து ஒளித்து வைத்த பெயர்கள் இவை.

அப்பத்தாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் கைக்குழந்தையிலேயே போனவை. தன் பெயரைச் சொல்ல அவள் கூசி நான் பார்த்ததே இல்லை. “எங்காத்தா என்னையக் குப்பையில போட்டுல்ல எடுத்தா, அதான் இம்புட்டு நாளு கெடக்கேன்” என்பாள், கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோதும் சொன்னாள். இந்தப் பெயரை உங்கள் பட்டியலில் சேர்த்தால் பொருள் என்று என்ன போடுவார்கள்? அழுக்கு என்று போடுவார்கள்.

அதற்காகப் பழைய பெயர் எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டாடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலும் இன்னும் பல ஊர்களிலும் போதும்பொண்ணு என்று ஒரு பெயர் உண்டு. என் சித்திக்கு அந்தப் பெயர். நாலாவதாகவும் பெண்ணே பிறந்துவிட்டது, சாமி, இத்தோடு போதும் என்று வைத்தது. அவளுக்கு அடுத்தது ஆணாகப் பிறந்தது. பேரு பலிச்சிருச்சு என்று அவள் முன்னாலேயே ஊரில் பேசுவார்கள், வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் அதைத்தான் முதலில் சொல்வார்கள், அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தம்பிக்கு வழிவிட வந்தவள் என்பதை ஒரு பிள்ளைக்கு அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். 1992இல் அரசாங்கமே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த நாடு இது, அந்தக் கொடுமையும் இந்தப் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. இனி ஒரு குழந்தைக்கும் அந்தப் பெயர் வைக்கக் கூடாது. அதைச் சுமந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது, என் சித்தி அந்தப் பெயரோடேயே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தாள்.

இப்போது நீங்களே பாருங்கள். அர்த்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் குப்பாயிதான் கெட்ட பெயர், போதும்பொண்ணு பரவாயில்லை, பொண்ணு என்றாவது அதில் இருக்கிறது. ஏன் வைத்தார்கள் என்று கேட்டால்தான் எது பிள்ளை வேண்டும் என்று கதறி வைத்த பெயர், எது வேண்டாம் என்று தள்ளி வைத்த பெயர் என்பது தெரியும். இதை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது. வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். எங்கள் பத்திரத்தில் உள்ள வெள்ளைச்சி யார், அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்ல எங்கள் வீட்டில் இன்று ஓர் ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், உண்மைதான், கொஞ்ச நாள் செய்வார்கள், அப்புறம் பழகிவிடும். பிள்ளைகளை விடுங்கள், எனக்குப் பயம் பெரியவர்களைப் பார்த்துத்தான். என் பெரியம்மா மகள் பேச்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, இதெல்லாம் ஒரு பேரா என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த ஆசிரியர் ராஜேஸ்வரி என்று எழுதிவிட்டார். பிள்ளை காக்கிற தெய்வம் பேச்சி, வைகைக் கரையில் அவள் பெயரில் படித்துறையே இருக்கிற ஊரில் இப்படி. அப்புறம் சான்றிதழில் ராஜேஸ்வரி, ரேஷன் கார்டில் பேச்சி, பேங்கில் பேச்சியம்மாள். தகப்பன் சொத்தில் அவள் பங்கைப் பதிய வந்தபோது மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க, அரசிதழ் வரைக்கும் அலைந்தாள். பிள்ளையை எல்கேஜியில் சேர்க்கும்போது உங்களிடமும் ஒருவர் ‘ஸ்டைலா வேற பேரு வைக்கலையாம்மா’ என்று கேட்பார். அன்றைக்கு நீங்கள் தலையைக் குனிந்தால் பிள்ளையும் குனிந்துதான் வளரும்.

மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவதும் திட்டுவதும் எப்படி என்ற தயக்கம் உங்களுக்குள் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஏட்டில் அப்பத்தா பெயர் இருக்கும், வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் இருக்கும், மருமகள் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதைச் சொல்லித்தான் வைவாள். உங்களுக்குப் பிடித்த ரித்விகாவை வீட்டில் கூப்பிட வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ரா என்று தொடங்குவதால் ஜோசியருக்கும் பெரிய குறை இருக்காது.

அவசரமும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பதியலாம், அதற்கு மேல் 15 வயது வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மாமியாரோடு கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ராக்காயி என்று அவருக்குப் பெயர் வைத்தது யார், எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா