ஆறே சிட்டிங்கில் தாடை முடி போய்விடுமா?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 27. மோவாயிலும் தாடை ஓரத்திலும் கறுப்பாக, கெட்டியாக முடி வளர்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை த்ரெட்டிங் செய்கிறேன், நடுவில் கண்ணாடி முன் நின்று ட்வீஸரால் பிடுங்குகிறேன். இப்போது அந்த இடமெல்லாம் கறுத்து, புள்ளி புள்ளியாக இருக்கிறது. லேசர் கிளினிக்கில் விசாரித்தேன். ஆறு சிட்டிங்கில் நிரந்தரமாகப் போய்விடும், இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. லேசர் செய்துகொள்ளலாமா டாக்டர்? கேன்சர் வரும், குழந்தை பிறக்காது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும், ஆனால் அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்."

போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்கியாக வேண்டும். மோவாய், தாடை, மேலுதடு, நெஞ்சின் நடுப்பகுதி, தொப்புளுக்குக் கீழே என்று சில இடங்களில் இருக்கும் மயிர்க்கால்கள் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் சொன்னதைக் கேட்பவை. அந்த ஹார்மோன் கொஞ்சம் கூடினாலோ, அளவு சரியாக இருந்தும் மயிர்க்கால் அதற்கு அதிகமாக வளைந்துகொடுத்தாலோ, அதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த பூனைமுடி கறுப்பாக, முரட்டு முடியாக மாறும். அதோடு மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் எந்தத் தோல் மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டிப் பிரச்சினை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்களாம். 'ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்' என்று நீங்கள் எழுதியதைப் போலத்தான் அவர்களில் பலரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் லேசருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, இன்னும் ஒன்றிரண்டு ஹார்மோன்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை மகப்பேறு மருத்துவரோ ஹார்மோன் மருத்துவரோ சொல்வார்கள். முடி சில மாதங்களுக்குள் மளமளவென்று வந்தது, குரல் தடிக்கிறது, நெற்றிப் பக்கம் ஆண்களைப் போல வழுக்கை ஏறுகிறது என்றால் லேசரை மறந்துவிட்டு உடனே போய்ப் பாருங்கள். ஹார்மோன் சுரக்கும் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறிகள் அவை. அபூர்வம்தான், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம்.

பிசிஓஎஸ் இருந்தால் லேசர் செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் லேசர் இன்று முரட்டு முடியாக இருக்கும் வேர்களைத்தான் கருக்கும், பக்கத்தில் இருக்கும் பூனைமுடியை நாளைக்கு முரட்டு முடியாக்கப்போகும் ஹார்மோனை அது தொடுவதே இல்லை. ஒரு பக்கம் களை எடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் விதை தூவினால் எப்படி? மருந்து எடுத்துக்கொண்டாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும், எனவே அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை எடுக்கும் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது என்பதை மட்டும் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, லேசர் என்னதான் செய்கிறது? 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சரியான நிற ஒளியைச் சரியான அளவு நேரத்துக்குப் பாய்ச்சினால் தோலுக்குள் நாம் குறிவைத்த பொருள் மட்டும் சூடாகும், சுற்றியிருப்பது தப்பிக்கும் என்று காட்டினார்கள். முடி விஷயத்தில் குறி, முடிக்குக் கறுப்பு தரும் மெலனின். முடித்தண்டு சட்டென்று சூடாகி, அந்தச் சூடு பக்கவாட்டில் பரவி, முடியைத் திரும்ப முளைக்கவைக்கும் செல்களைப் பொசுக்குகிறது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: முடி உள்ளே இருந்தால்தான் சூடேறும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்கு அங்கே வேலையே இல்லை. த்ரெட்டிங், வேக்ஸிங், ட்வீஸர் மூன்றையும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். நரைமுடி, செம்பட்டை முடி, பூனைமுடி இவற்றில் போதுமான கறுப்பு இல்லை, லேசர் அவற்றின் மேல் பட்டும் படாமல் போய்விடும்.

இப்போது உங்கள் நிறம். முடியில் இருக்கும் அதே மெலனின் தோலின் மேலடுக்கிலும் இருக்கிறது, ஒளிக்கு இது முடி, இது தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தோல் கறுக்கக் கறுக்க முடிக்குப் போக வேண்டிய சூட்டை மேல்தோல் வாங்கிக்கொள்கிறது. கொப்புளம், கருந்திட்டு, சில சமயம் வெள்ளைத் திட்டு எல்லாம் வருவது இப்படித்தான். எனவே எந்த மெஷின் என்று பெயரைக் கேளுங்கள். அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் ஒளி அலைநீளம் 755 நானோமீட்டர், வெளுத்த தோலில் பிரமாதமாக வேலை செய்யும், உங்கள் நிறத்துக்கு அது வேண்டாம். டையோடு 800 முதல் 810. என்டி-யாக் 1064, இந்த மூன்றில் மேல்தோலின் மெலனின் மிகக் குறைவாக உறிஞ்சுவது இதைத்தான், ஆழமாகவும் போகும், அதனால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்று பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்ளும் லேசர். குறை என்னவென்றால் வலி கொஞ்சம் அதிகம், மெல்லிய முடியில் பலன் குறைவு. டையோடும் உங்களுக்கு ஆகும், ஆனால் ஒவ்வொரு ஒளித்துடிப்பும் நீடிக்கும் நேரத்தைக் கூட்டி வைத்து, நன்றாகக் குளிரூட்டி, கறுத்த தோலில் கை பழகியவர் செய்ய வேண்டும். 'எங்களுடையது லேட்டஸ்ட் மாடல், எல்லா ஸ்கின்னுக்கும் ஒத்துப்போகும்' என்பதோடு பேச்சை முடிக்கிறவர்களிடம் நான் என் தாடையைக் காட்ட மாட்டேன். ஐபிஎல் என்று சொன்னால் அது லேசரே இல்லை, பல நிற ஒளிகளைச் சேர்த்து அடிக்கும் விளக்கு. வீட்டில் வைத்து நாமே செய்துகொள்ள விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான், கறுத்த தோலில் பயன்படுத்த வேண்டாம் என்று அவற்றின் பெட்டியிலேயே பெரும்பாலும் நிறப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த லேசர்களுக்கு அனுமதித்திருக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. முடியின் எண்ணிக்கை குறையும், அந்தக் குறைவு நீடிக்கும், மிச்சம் இருப்பதும் மெலியும். ஒரு முடிகூட வராது என்பது அதற்கு அர்த்தமில்லை. மயிர்க்கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, கொஞ்சம் வளரும், கொஞ்சம் தூங்கும், தூங்குவது அடுத்த சிட்டிங்கில்தான் மாட்டும். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடம்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுவது இந்தக் கணக்கில்தான். வாரா வாரம் வாருங்கள், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றால் பணம்தான் சீக்கிரம் முடியும். அக்குள், கால் என்றால் ஆறு முதல் எட்டு சிட்டிங்கில் பெரும்பாலானவர்கள் திருப்தியாகிவிடுகிறார்கள். ஹார்மோன் பின்னால் நிற்கும் தாடைக்கு ஆறு என்பது ஆரம்பம். அதற்கு மேலும் சில, அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பராமரிப்பு என்று மனதில் வைத்துக்கொண்டு செலவைக் கணக்குப் போடுங்கள்.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. லேசர் அடித்த இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி கூடுவதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு மோவாய் பளிச்சென்று இருந்தது, ஆனால் தாடைக்குக் கீழே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில், லேசர் அடித்த எல்லை எது என்று விரலால் கோடு போட்டுக் காட்டும் அளவுக்கு ஒரு பட்டையாகக் கறுப்பு முடி. அவர் வேறெங்கோ எட்டு சிட்டிங் முடித்திருந்தார், முடி கூடுகிறதே என்று கேட்டபோதெல்லாம் இன்னும் இரண்டு போடலாம் என்றே பதில் வந்ததாம். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் நடந்தால் அதிகம் நடப்பது முகம், கழுத்து, கறுத்த தோல், ஹார்மோன் கோளாறு என்ற சேர்க்கையில்தான், உங்களிடம் இந்த நான்கும் இருக்கலாம். கன்னத்துப் பூனைமுடியையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று யாராவது தாராளம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், முரட்டு முடி இருக்கும் இடம் மட்டும் போதும்.

வலி பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ரப்பர் பேண்டைச் சுண்டினால் எப்படியோ அப்படி, கூடவே ஒரு சூடு, மேலுதட்டில் கண்ணில் தண்ணீர் வரும். முடி கருகும் நாற்றம் அறையில் இருக்கும், அந்தப் புகையை உறிஞ்சும் கருவி ஓடிக்கொண்டிருந்தால் நல்ல இடம் என்று அர்த்தம். கண்ணை முழுக்க மூடும் கவசம் கட்டாயம். புருவத்துக்குக் கீழே, கண்ணைச் சுற்றிய எலும்பு வளையத்துக்குள் அடிக்கவே கூடாது. மச்சம், பச்சை குத்திய இடம் இவற்றின் மேலும் கூடாது. மரக்கவைக்கும் க்ரீமை மோவாய் அளவுக்குப் பூசலாம். ஆனால் கால் முழுக்க அப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு லேசருக்குக் கிளம்பிய இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்துபோய், 2007-இல் எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது. மருந்து தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

முடிந்த சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சின்னதாகச் சிவந்து புடைக்கும், கறுத்த தோலில் சிவப்பைவிடப் புடைப்புதான் தெரியும். அது நல்ல அடையாளம். தோல் சாம்பல் நிறமாக வெளுத்தாலோ, மெஷின் முனையின் வடிவத்திலேயே தடம் விழுந்தாலோ அது தீக்காயம். உடனே நிறுத்தச் சொல்லி, குளிரவைத்து, அன்றைக்கே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்த ஒன்று முதல் மூன்று வாரம் முடி வளர்வது போலவே தோன்றும், பலர் லேசர் வேலை செய்யவில்லை என்று அழுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் செத்த முடி வெளியே தள்ளப்படுகிறது, முகம் துடைக்கும்போது மிளகுத் தூள் மாதிரி துண்டில் ஒட்டிக்கொண்டு வரும்.

கேன்சர் பயத்துக்கு ஆதாரம் இல்லை. இது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல, வெறும் ஒளி, சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. மோவாயில் அடித்தது மட்டுமில்லை, அடிவயிற்றில் அடித்தாலும் சினைப்பையை எட்டாது. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் தள்ளிப்போடச் சொல்கிறோம். கெடுதல் என்று நிரூபணமாகிவிடவில்லை, அந்தக் காலத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை என்பதே காரணம். குழந்தை பற்றிக் கவலை என்றால் உங்கள் வீட்டார் கேட்க வேண்டியது லேசரைப் பற்றி அல்ல, மூன்று மாதம் தள்ளிப்போகும் பீரியட்ஸைப் பற்றி.

தள்ளுபடியை விட்டுவிடுங்கள், இந்த வாரம் போனால் அடுத்த மாதம் வேறு பெயரில் வரும். முதலில் காதோரம் தாடையில் நாலைந்து ஷாட் மட்டும் அடித்துச் சோதிக்கச் சொல்லி, ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முகப்பருவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டோரம் அக்கி வருவதுண்டா, அண்மையில் வெயிலில் அலைந்தீர்களா என்று அவர்களாகவே கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். தழும்பு கட்டிப் புடைக்கும் உடம்பு என்றால் அதையும். நரைத்த முடி ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் விடுவது, 1875-இல் ஒரு கண் மருத்துவர் உள்நோக்கி வளரும் இமைமுடிக்குச் செய்ததிலிருந்து இருக்கிற முறை. நிறம் பார்க்காது, ஆனால் பொறுமை வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ட்வீஸரைத் தூக்கிப் போடுவது. உங்கள் தாடையின் கறுப்பில் பெரும்பங்கு பிடுங்கிப் பிடுங்கிப் புண்ணான தோல் விட்டுச்செல்லும் தடம், பிடுங்குவதை நிறுத்தி தினமும் சன்ஸ்கிரீன் போட்டாலே மெல்ல வெளுக்கும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை முடியை என்ன செய்வது என்றால், ஷேவ் செய்யுங்கள். முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேஸர், கொஞ்சம் ஜெல், முடி வளரும் திசையில். கெட்டியாக வளராதா என்று அடுத்து கேட்பீர்கள். வளராது. வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு மேலே போகிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தானாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும், விரலில் சொரசொரவென்று உரசுவது அந்த மொட்டை நுனி.